தகுதிச் சுற்றில் தகுதிக்கு எத்தனை இடம்?

அமெரிக்காவின் டேடோனா 500 கார்ப் பந்தயத்துக்கு முன் நடைபெறும் இரு ‘டூயல்’ பந்தயங்கள் தகுதிச் சுற்றுகள் என்றே அறியப்படுகின்றன. 1959இல் நடந்த முதல் டேடோனா 500 தொட்டு இவ்வழக்கம் உண்டு. முதல் வரிசையின் இரு இடங்களைத் தனியோட்ட வேகம் தீர்மானிக்கும். பின்வரிசைகளை, இன்று 150 மைல் நீளும் இவ்விரு பந்தயங்களும் தீர்மானிக்கும்.

தகுதி என்பது ஈட்டப்படுவது. ஆதலால் இழக்கவும் கூடியது. 2016இல் நாஸ்கார் கொண்டுவந்த ‘சார்ட்டர்’ முறை இந்தப் பொருளையே மாற்றிவிட்டது. சார்ட்டர் பெற்ற 36 கார்களுக்கு இடம் முன்கூட்டியே உறுதி. வழக்கமான 40 இடங்களில் எஞ்சுபவை நான்கு. அவற்றிலும் இரண்டு தனியோட்ட வேகத்துக்கு உரியவை. டூயல் ஒவ்வொன்றும் வழங்குவது ஓரிடம் மட்டுமே. சார்ட்டர் கார் கடைசியாக வந்தாலும் ஞாயிறன்று களத்தில் நிற்கும். அதை முந்திய சிறு அணியின் காரோ, வியாழன் இரவே ஊர் திரும்ப நேரலாம்.

முதலீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும், விளம்பரதாரருக்கு உறுதி வேண்டும் என்பர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் விற்கவும் வாங்கவும் கூடியது உடைமை, தகுதியன்று. 36 கார்களுக்கு இச்சுற்று நிற்கும் வரிசையை மட்டுமே வகுக்கிறது. அதை வரிசைச் சுற்று என்று அழைப்பதே நேர்மை. பழைய பெயரே நிலைக்க வேண்டுமெனில், சார்ட்டர் இடங்களில் சிலவற்றையேனும் பந்தயத்தில் வைக்கட்டும்.