தொப்புள்கொடி விழுந்த நாள்: யாரும் கேட்காத கேள்வி

ஓகஸ்ட் திருவிழாக் காலத்தில் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மன்னாரிலிருந்தும் வடக்கின் மற்ற இடங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. நோயாளிப் பிள்ளைக்காக நேர்த்தி வைத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். அடிக்கடி தொற்று, ஆறாத புண், விட்டுவிட்டு வரும் காய்ச்சல். மிக அரிதாக, இவற்றின் பின்னால் ஒரு மரபணுப் பிழை இருக்கலாம்.

21ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஐ.டி.ஜி.பி.2 என்ற மரபணுதான் வெண்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி.18 புரதத்தை உருவாக்குகிறது. கிருமி புகுந்த இடத்தில் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிப்பிடித்து வெளியேற வெண்குழியத்துக்கு இது வேண்டும். இல்லாவிட்டால், ஓடும் பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்காதவர் போல அது அள்ளுண்டு போகும். அதனால்தான் இப்பிள்ளைகளின் இரத்தத்தில் வெண்குழியங்கள் மிக அதிகம். புண்ணிலோ சீழ் இராது.

முதல் அறிகுறி பெரும்பாலும் தொப்புள்கொடி. வழமையாக இரண்டு கிழமைக்குள் விழுவது, ஒரு மாதம் தாண்டியும் நிற்கும். தாமதமாகும் எல்லாப் பிள்ளைக்கும் இந்நோய் இல்லை. ஆனால் தொற்றும் சேர்ந்திருந்தால் சாதாரண இரத்தப் பரிசோதனையே சந்தேகத்தைக் கிளப்பும். உறுதிப்படுத்தும் நோயெதிர்ப்புப் பரிசோதனைக்குக் கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தை நாடவேண்டும்.

தாய், தகப்பன் இருவரும் பிழையைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மச்சான் மச்சாள் கலியாணங்களில் இந்த ஆபத்து கூடும். ஆகவே வைத்தியரின் முக்கிய கேள்வி: "முன்பு பிள்ளை ஏதும் இறந்ததா?" இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் இதற்கு என்ன பதில் இருக்கும்? 2009இல் வன்னியிலோ முகாமிலோ போன சிசு "காய்ச்சலில் போனது" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. போர் ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தின் நோய் வரலாற்றையும் அழித்திருக்கிறது. இதைச் சுகாதாரத் துறை இழப்பாகவே கணக்கில் எடுக்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

கடுமையான வகையில், சிகிச்சையின்றி இரண்டு வயதைத் தாண்டுவது கடினம். எலும்பு மச்சை மாற்று குணப்படுத்தும். வெளிநாட்டில் மரபணுச் சிகிச்சை பெற்ற ஒன்பது பிள்ளைகளும் உயிரோடிருந்ததாக ஆய்வு முடிவு வந்துள்ளது. நமக்கு அது எட்டாத தூரம்.

எட்டக்கூடியது வேறு. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாது கொடி விழுந்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதலாம். முன்பு இறந்த சிசுக்களைப் பற்றி, அம்மம்மாவையும் இருத்தி, ஆறுதலாக ஒருமுறை விசாரிக்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.