சைட் பார்க்கப் போறீங்களா?

தலைப்பைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தலை வாரிக்கொண்ட இளைஞர்கள் தயவுசெய்து உட்காரவும். இது பறவை சமாச்சாரம். கடைசியில் கொஞ்சம் ஹவுஸிங் லோன் சமாச்சாரமும் உண்டு.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பள்ளிக்கரணை வந்ததும் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். தூங்குகிறார்கள், அல்லது போனில், "கிண்டி தாண்டிட்டேன் சார்" என்று மேனேஜரிடம் பொய் சொல்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜனவரி மாசத்தில் டிக்கெட் இல்லாத ஷோ நடக்கிறது. யாரும் பார்ப்பதில்லை.

கூழைக்கடா, பூநாரை எல்லாம் ஸ்டார் நடிகர்கள். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். பாடாய்ப் படுத்துவது துணை நடிகர்கள்தான். சேற்றில் குடுகுடுவென ஓடும் உள்ளான் வகையறா. எல்லாமே பிரவுன். எல்லாமே யூனிஃபார்ம் போட்ட மாதிரி.

துரைப்பாக்கம் ரேடியல் ரோடு ஓரம் ஒரு ஞாயிறு காலை. கூட பக்கத்து ஃபிளாட் காலேஜ் பையன், கையில் பைனாகுலர்.

"அங்கிள், அந்தக் கூட்டத்தைப் பாருங்க. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. ரெண்டும் வேற வேற பறவையா?"

"காலைப் பாருப்பா. என்ன கலர்?"

"ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு பச்சை. இன்னும் குழப்புது அங்கிள்."

"அப்ப காலை விடு. உடம்பைப் பாரு."

சின்னத் தலை, நீளக் கழுத்து, லேசான தொப்பை. முதுகில் மீன் செதில் மாதிரி டிசைன். அலகு குட்டை, நுனியில் சற்றே கீழ் நோக்கி வளைவு. சாதாரண உள்ளானாக இருந்தால் பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். இது ஆட்டவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணி லாரி ஹாரன் அடிக்க, கூட்டமாக எழும்பிப் பறந்தன. வாலின் அடியில் இரண்டு பக்கமும் முட்டை வடிவில் வெள்ளை, நடுவே கறுப்புக் கோடு. கேஸ் முடிந்தது. பெயர், ரஃப். பெரிசு ஆண், சின்னது பெண். ஆண் எடையில் பெண்ணைப் போல ஒன்றரை மடங்கு. கால் கலர் ஆளுக்கு ஆள் மாறும். அதை நம்பினால் அம்போ.

தமிழில் இதற்குப் பேதை உள்ளான் என்று பெயர். வைத்த மகராசன் இதை மே, ஜூனில் பார்த்திருக்க மாட்டார். அப்போது இது சைபீரியாவிலோ வட ஐரோப்பாவிலோ இருக்கும். அங்கே ஆண்களுக்குக் கழுத்தைச் சுற்றி, அந்தக் காலத்து ஐரோப்பிய ஜமீன்தார்களின் கொசுவம் வைத்த காலர் மாதிரி இறகு முளைக்கும். அந்தக் காலருக்கும் ரஃப் என்றுதான் பெயர். பெண்களின் கவனத்துக்காக மைதானம் பிடித்து ஒரே ரகளை. விஞ்ஞானப் பெயரில் உள்ள 'புக்னாக்ஸ்' என்ற லத்தீன் வார்த்தைக்கு அர்த்தமே சண்டைக்காரன்!

அந்த ரகளையில் ஆண்கள் மூன்று ரகம். ஒன்று, இடம் பிடித்து 'இது என் ஏரியா' என்று நிற்பவர். பெரும்பாலும் கறுப்பு அல்லது பிரவுன் காலர். இரண்டு, வெள்ளைக் காலர் கட்டிக்கொண்டு சண்டை போடாமல் முதலாமவர் கூடவே ஒட்டிக்கொண்டு திரிபவர். மூன்றாம் ரகம் இருப்பதே 2006-ல்தான் வெளியே தெரிந்தது. காலரே கிடையாது, பார்க்கப் பெண் மாதிரியே இருப்பார். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சந்தடி சாக்கில் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவார். சுமார் 38 லட்சம் வருஷத்துக்கு முன் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிக்கொண்டதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஆபீஸிலும் மூன்று ரகமும் இருக்கும். காரணம் குரோமோசோம் என்று நான் சொல்ல வரவில்லை.

இவ்வளவு கலாட்டாவையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிர்காலத்தில் இங்கே வருகிறார்கள். வேலை ஒன்றே ஒன்று. சாப்பாடு. திரும்பிப் போக ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டும்.

அதற்குக் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். ஆழமான இடம் கூழைக்கடாவுக்கு. அதைவிடக் குறைந்த இடம் நெடுங்கால் உள்ளானுக்கு. ஓரத்துச் சேறுதான் ரஃப்புக்கு மெஸ். சதுப்பு நிலத்தில் வாசல் எண்ணைத் தீர்மானிப்பது காலின் உயரம்!

வம்பு அந்த ஓரத்தில்தான். மே மாசம் முதலில் காய்வது அது. காய்ந்தால் காலி கிரவுண்டு மாதிரி தெரியும். லாரியில் மண் வந்து விழும், கல் நடுவார்கள், கொடி கட்டுவார்கள். 'ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும்' என்றால், குடியிருந்தவர் அப்போது சைபீரியாவில் காலரைச் சிலுப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம் இப்படித்தான் ஓரம் ஓரமாக இளைத்தது. 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பறவைக்குத்தான் ஆட்சேபிக்கத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் கடைசியில் வந்து சேருவது பள்ளிக்கரணைதான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கடல். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு கிரவுண்ட் ஃப்ளோர் வீடுகளுக்குள் வந்தது. பெல் அடிக்கவில்லை.

ஆகவே, தென்சென்னையில் மனை வாங்கும் யோசனையில் இருக்கும் நண்பர்களே, சைட் பார்க்க மே மாசம் போகாதீர்கள். ஜனவரியில் போங்கள். ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கிறவர்கள் இதையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் ஹால் கட்ட நினைக்கும் இடத்தில் சின்னத் தலையும் தொப்பையுமாக ஒருத்தர் கணுக்கால் தண்ணீரில் நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தால், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.

அது ஏற்கெனவே ரிஜிஸ்டர் ஆன இடம்!