மேப்பிள்னா மணக்கும், வெந்தயம்னா நாறுமா?

எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை ஆனா வெந்தயம் ஊறவச்சு அரைச்சுத் தலையில தேய்ச்சுப்பான். சூடு குறையுமாம். அன்னைக்கு முழுக்க ரூம்ல அந்த வாசனைதான். மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடின நாலு பேர்ல நானும் ஒருத்தன். ஓடினவன்ல ஒருத்தன் அடிச்சிருந்த பாடி ஸ்ப்ரேல என்ன எழுதியிருந்தது தெரியுமா? மேப்பிள்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்த ரெண்டு வாசனைக்கும் பின்னாடி நிக்கிற முக்கியமான மூலக்கூறு ஒண்ணுதான். பெயர் சோட்டலான், ஒரு சின்ன லாக்டோன். கெமிஸ்ட்ரி லேப்ல தூங்கினவங்களுக்காக: ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூணு ஆக்ஸிஜன், அவ்வளவுதான். செறிவு அதிகமா இருந்தா வெந்தயம், குழம்புப்பொடி மாதிரி அடிக்கும். ரொம்ப ரொம்பக் குறைஞ்சா மேப்பிள் சிரப், கருகின சர்க்கரை. ஒரே பொருள், அளவு மட்டும் வேற.

நம்ப முடியலைன்னா நியூயார்க்கைக் கேளுங்க. 2005 அக்டோபர்ல மன்ஹாட்டன் முழுக்க திடீர்னு மேப்பிள் சிரப் வாசனை. ஏதாவது ரசாயனத் தாக்குதலோன்னு பயந்து ஜனங்க போன் மேல போன் போட்டாங்க. வாசனை போயிடும், சில மாசம் கழிச்சுத் திரும்ப வரும். 2009 பிப்ரவரியில மேயர் ப்ளூம்பெர்க்கே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விடை சொன்னார்: ஆத்துக்கு அந்தப்பக்கம் நியூஜெர்சியில ஒரு நறுமணத் தொழிற்சாலை வெந்தயத்தைப் பதப்படுத்திட்டு இருந்திருக்கு. காத்து அந்தப்பக்கமிருந்து அடிச்சப்பெல்லாம் ஊரே மணந்திருக்கு. ஆத்தைத் தாண்டி வர்றதுக்குள்ள வெந்தயம் மேப்பிளா மாறிடுச்சு!

சரி, பெர்ஃப்யூம்ல இருக்கிற மேப்பிள் மரத்துலேர்ந்து வருதா? பெரும்பாலும் கிடையாது. மரத்துலேர்ந்து வடியற சாறு கிட்டத்தட்ட தண்ணி மாதிரிதான் இருக்கும், பெரிசா வாசனையே இல்லை. சுமார் 40 லிட்டர் சாறைக் காய்ச்சினா 1 லிட்டர் சிரப். வாசனை அடுப்புலதான் பிறக்குது. பெர்ஃப்யூம் செய்யறவங்க அதைத் துண்டு துண்டாச் சேர்த்துக் கட்டுறாங்க: பஞ்சுமிட்டாய் வாசனைக்கு எத்தில் மால்டால், மேப்பிள் லாக்டோன்னே பேர் வாங்கின சைக்ளோட்டீன், கொஞ்சம் வனிலின், துளியூண்டு சோட்டலான். 1992ல வந்த ஏஞ்சல் பெர்ஃப்யூம்ல எத்தில் மால்டால் அள்ளிப் போட்டாங்க. தின்பண்ட வாசனைக்கு அதுக்கப்புறம்தான் இவ்வளவு மவுசு.

அளவு பாத்துச் சேர்க்கிறதுதானே திறமை, வெந்தய விழுதும் பெர்ஃப்யூமும் ஒண்ணான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்தத் திறமைக்குக் காசு குடுக்கறதுல எனக்குப் பிரச்சனையே இல்ல. ஆனா நாம மூக்கைப் பொத்தினது அளவுக்காக மட்டுமா? பேருக்காகவும்தான். மேப்பிள்னு சொன்னா கனடா, பனி, பான்கேக். வெந்தயம்னா அம்மாச்சி, வயித்துவலி. நாம பாட்டில்ல ஒட்டின கதையைத்தான் மோந்து பாக்குறோம்.

மேப்பிள் சிரப் நோய்னு குழந்தைங்களுக்கு வர்ற ஒரு பரம்பரை நோய் இருக்கு. புரதத்துல இருக்கிற சில அமினோ அமிலங்களை உடம்பால சிதைக்க முடியாது, சிறுநீர்ல மேப்பிள் வாசனை வரும். அங்கேயும் சோட்டலான்தான். பிரசவத்துக்கு முன்னாடி அம்மா வெந்தயம் சாப்பிட்டதால, ஆரோக்கியமா பிறந்த குழந்தைக்கே இந்த நோயோன்னு டாக்டர்கள் சந்தேகப்பட்டது மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. டாக்டர் மூக்கே ஏமாந்திருக்கு, நம்ம மூக்கு எம்மாத்திரம்?

இதெல்லாம் படிச்ச பிறகு அவன்கிட்ட சாரி சொல்லலாம்னு போனேன். "விடு மச்சி"ன்னுட்டான். ஆனா இப்பல்லாம் அவன் ரூம்ல தேய்ச்சுக்கறதில்ல. கிண்ணத்தை எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயிடறான்.