கடைத்தேங்காயும் கடன் அட்டைப் புள்ளிகளும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளேடுகளின் வணிகப் பக்கங்களில் ஓர் அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது. கடன் அட்டையில் சேர்ந்த வெகுமதிப் புள்ளிகளை வீணாக்கிவிடாதீர்கள். காலாவதியாகும் முன் விமானப் பயணச்சீட்டாகவோ பரிசுக் கூப்பனாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். எந்தச் செலவுக்கு எந்த அட்டையைத் தேய்த்தால் புள்ளிகள் பெருகும் என்பதைக் கணக்கிட்டுச் செலவழியுங்கள் என்பதே அந்த அறிவுரை. பட்டியல்களும் அட்டவணைகளும் நிறைந்த அப்பக்கங்களில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இடமில்லை. இந்தப் புள்ளிகளுக்கான பணம் யாருடையது?

வங்கியினுடையது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இங்கே நடக்கிறது. அந்தத் தேங்காய் உண்மையிலேயே கடையிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

ஒருவர் கடன் அட்டையில் 1,000 ரூபாய் செலுத்தினால் அந்த முழுத்தொகையும் கடைக்காரரைச் சென்றடைவதில்லை. எம்டிஆர் எனப்படும் வணிகர் கட்டணமாக, பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று ரூபாய் வரை பிடித்துக்கொள்ளப்படுகிறது. அதில் பெரும்பங்கு அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. அதிலிருந்து கிள்ளிக் கொடுக்கப்படும் ஒரு துணுக்குக்குத்தான் வெகுமதி என்று பெயர். 1 லட்சம் ரூபாய் செலவிடுபவரை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 2 சதவீதம் என்றால் கடைக்காரர்களிடமிருந்து 2,000 ரூபாய் பிடிக்கப்படுகிறது. 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 25 காசு என்று வைத்துக்கொண்டால், செலவிட்டவருக்குத் திரும்பி வருவது 250 ரூபாய்.

இக்கட்டணத்தைக் கட்டுப்படுத்த இயலாது என்பதல்ல. டெபிட் அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வணிகர்களுக்கு 0.40 சதவீதம், ஏனையோருக்கு 0.90 சதவீதம் என்ற வரம்பு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ரூபே டெபிட் அட்டைக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் இக்கட்டணமே இல்லை. கடன் அட்டைக்கு மட்டும் இத்தகைய வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. எங்கே வங்கிகளின் லாபம் கொழுத்திருக்கிறதோ அங்கே ஒழுங்குமுறையின் கை தயங்கி நிற்கிறது.

கடைக்காரர் இச்சுமையைத் தாமே சுமப்பதில்லை. முடிந்தவரை விலையில் ஏற்றிவிடுகிறார். மருந்துக் கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ ஒரே வரிசையில் நிற்கும் இருவரைப் பாருங்கள். ஒருவர் கட்டுமானத் தொழிலாளி. அன்றைய கூலியை ரொக்கமாக நீட்டுகிறார். அடுத்து நிற்பவர் உயர்வகை அட்டையை நீட்டுகிறார். துவரம்பருப்பின் விலை இருவருக்கும் ஒன்றே. புள்ளி மட்டும் இரண்டாமவருக்கே. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவில் ரொக்கம் செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டை பயன்படுத்தும் குடும்பங்களுக்குக் கைமாற்றுகிறது என்று மதிப்பிட்டது. முதலாளித்துவத்தின் கோட்டைக்குள்ளிருந்தே வந்த ஒப்புதல் இது.

வங்கியின் மற்றொரு ஊற்று வட்டி. நிலுவையை முழுமையாகக் கட்ட இயலாதவரிடம் மாதத்திற்கு மூன்றரை சதவீதம், அதற்கு மேலும்கூட வசூலிக்கப்படுகிறது. 10,000 ரூபாய் ஒரு மாதம் நிலுவையில் நின்றால் வட்டி 350 ரூபாய். அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய். ஆக 413 ரூபாய். 1 லட்சம் ரூபாய் செலவிட்டுச் சேர்த்த புள்ளிகள் அனைத்தும் இந்த ஒரு மாத நிலுவையில் கரைந்துபோகின்றன. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்ற வாசகம் வட்டியிலிருந்து காப்பதில்லை. பாக்கி நிற்கும் காலத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறுகிறது.

“குறித்த நாளில் முழுத்தொகையையும் கட்டிவிட்டுப் புள்ளிகளை மட்டும் பெற்றுக்கொள்வதுதானே?” என்று கேட்கப்படுகிறது. தனிமனிதருக்கு அது சரியான அறிவுரையே. ஆனால் எல்லோரும் அவ்வாறே நடந்தால் வட்டி என்ற ஊற்று வறண்டுவிடும். வாரி வழங்க வங்கிக்கு மனமும் வராது. ஒருவரின் சாமர்த்தியம் பலிப்பதற்கு மற்றொருவர் தவறியாக வேண்டும். தவறுபவர் ஊதாரி அல்லர். மருத்துவமனைக் கட்டணத்தையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் ஊதியம் எட்டாதபோது அட்டையில் தேய்த்தவரே அவர்.

இந்த வட்டிக்கு ஓர் எல்லை வகுக்கும் முயற்சியும் நடந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. வங்கிக் கடனின் வட்டி மிகையானது என்ற காரணத்தால் நீதிமன்றங்கள் அக்கணக்கை மறுபரிசீலனை செய்யக் கூடாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு. கந்துவட்டிக்காரர் மீது பாயும் சட்டம் வங்கியின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறது.

உற்பத்திக் களத்தில் நடைபெறும் முதன்மைச் சுரண்டலோடு, நுகர்வின்போது நடைபெறும் இரண்டாம்நிலைச் சுரண்டலும் உண்டு என்று ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். ஊதியத்தை உயர்த்த மறுக்கும் மூலதனமே பற்றாக்குறையை ஈடுகட்டக் கடனை நீட்டுகிறது. அந்தக் கடனுக்கு வெகுமதி என்று வண்ணம் பூசுகிறது. நாட்டில் புழங்கும் கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024இல் 10 கோடியைக் கடந்தது. அட்டை வைத்திருக்கும் நடுத்தர ஊழியர் இங்கே எதிரி அல்லர். 250 ரூபாய்ப் பரிசைக் காட்டி அவரைக் கொள்ளையின் பங்காளியாக்க முயலும் நிதி மூலதனமே எதிரி.

எனவே கோர வேண்டியது கூடுதல் புள்ளிகளை அல்ல. கடன் அட்டைக்கான வணிகர் கட்டணத்திற்கு உச்சவரம்பு வேண்டும். வட்டிக்குச் சட்டப்பூர்வமான எல்லை வேண்டும். 21ஏ பிரிவு திருத்தப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடனில்லாமல் மாதத்தைக் கடத்தப் போதுமான ஊதியம் வேண்டும். தொழிற்சங்கங்களும் சிறு வணிகர் அமைப்புகளும் ஒரே மேடையில் நின்று எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. தேங்காயைப் பறிகொடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்தால்தான், அதை உடைத்துப் புண்ணியம் தேடிக்கொள்பவர்களின் கை நிற்கும்.