ராட்டினத்துக்கு ஒரு நாள், திண்ணைக்கு ஒரு காலை

கோடை விடுமுறை வந்தால் எங்கள் உறுவையாற்றில் பாதி வீடுகளில் வெளியூர்ப் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவார்கள். முதல் இரண்டு நாள் ஆற்றங்கரை, மாமரம், பாட்டியின் அதிரசம் என்று ஓடும். மூன்றாவது நாள் காலையில் "போர் அடிக்குது தாத்தா" என்று ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு பெற்றோருக்குத் தெரிந்த ஒரே மருந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற பொழுதுபோக்குப் பூங்காதான்.

எங்கள் வீட்டிலும் போன மே மாதம் அப்படித்தான் நடந்தது. பேரனுக்குப் பதினொன்று, பேத்திக்கு எட்டு. இரண்டு நாள் பயணம், இரண்டு நாளும் ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் என்று மகன் திட்டம் போட்டிருந்தான். நான் மெதுவாக, "முதல் நாள் காலை தட்சிணசித்ராவுக்குப் போய்விட்டு அப்புறம் அங்கே போகலாமே" என்றேன். மகன் உடனே சொன்னான்: "அப்பா, லீவுல வந்த பசங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிக்காதீங்க. நான் பட்டது போதும்."

அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அவனைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா அப்போது பிள்ளைகளுக்கெல்லாம் கனவு. ஒரு நாள் அங்கே, மறுநாள் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம். கோளரங்கம் அருமையான இடம்தான். ஆனால் நான் என்ன செய்தேன்? திரும்பி வரும் பேருந்தில் திண்டிவனம் வருகிற வரைக்கும் கேள்வியாய்க் கேட்டேன். சனிக்கு எத்தனை நிலா, ஒளி வருவதற்கு எத்தனை நிமிடம் என்று. அவன் தூக்கக் கலக்கத்தில் தப்பாகச் சொல்ல, "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிப் போனேனே" என்று திட்டினேன். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

ஆகவே இம்முறை ஒப்பந்தம் போட்டோம். ஒரே ஒரு காலை. தாத்தா கேள்வி கேட்கக் கூடாது. பிள்ளைகள் போகலாம் என்றால் கிளம்பிவிட வேண்டும். மருமகள்தான் நடுவர். "மாமா, நீங்க கேள்வி கேட்டா உங்களுக்கு அபராதம், எல்லாருக்கும் ஐஸ்கிரீம்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

தட்சிணசித்ரா தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து சென்னை போகிற கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. எம்.ஜி.எம். பூங்காவுக்குப் பக்கத்திலேயே. 1996 டிசம்பரில் திறந்தார்கள். டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. கட்டட வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டுப் பழைய வீடுகளை, இடிக்கப் போகிற நிலையில் வாங்கி, தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, காஞ்சி நெசவாளர் வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு எல்லாம் உண்டு. இந்த யோசனை உலகத்தில் புதிதல்ல. ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஸ்கான்சென் என்ற இடத்தை 1891-லேயே இதே மாதிரி அமைத்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கே கைத்தொழில் பயிற்சிகளும் நடக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை, போகிறவர்கள் கவனிக்கவும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரம் என் முகத்தில் ஈயாடவில்லை. பேரன் "இங்க ஏசி இல்லையா?" என்றான். பேத்தி காலை இழுத்து இழுத்து நடந்தாள். மகன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். நானும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

மண்பாண்டம் செய்யும் இடத்தில்தான் காற்று திரும்பியது. சக்கரத்தில் களிமண்ணை வைத்துப் பிள்ளைகளையே தொட்டுச் செய்யச் சொல்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம். பேத்தி உட்கார்ந்தாள். மூன்று தடவை சரிந்து விழுந்தது. அங்கிருந்த பெரியவர், "அழுத்தாதே பாப்பா, சும்மா கையை வச்சுக்கோ, மண்ணு தானா ஏறும்" என்றார். நான்காவது தடவை கோணலாக ஒரு அகல் விளக்கு வந்தது. அந்த விளக்கைப் பிள்ளை இறக்கி வைக்கவே இல்லை. பனை ஓலையில் கிலுகிலுப்பை செய்வதைப் பேரன் நின்று பார்த்தான். "போகலாம்" என்ற பேச்சு அப்புறம் வரவில்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். வெளியே வெயில் கொளுத்துகிறது, திண்ணை குளுகுளுவென்று இருந்தது. பேரன் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, நம்ம ஊர்ல நம்ம வீட்டுக்கு ஏன் இது இல்ல?"

எனக்குப் பதில் தொண்டையில் நின்றது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்கும் திண்ணை இருந்தது. இடித்தது நான்தான். 1996-ல், வீட்டுக் கடன் கிடைத்ததும், ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டேன். நாலு மரத் தூண்களைப் பழைய சாமான் வாங்குகிறவர் வந்து சொற்ப விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். இங்கே பழைய வீடுகளைப் பொறுக்கிச் சேர்த்துத் திறந்த அதே வருடம் நான் என் வீட்டைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தேன். முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஒழுகாத இடம் கிடையாது. என் தாயார் அந்த ஈரத்தில் மூச்சிரைப்போடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் திண்ணையையாவது விட்டிருக்கலாம். பேரனிடம் அப்படியே சொன்னேன்.

அவன் விடவில்லை. "திண்ணைல யார் உட்காருவாங்க?" தபால்காரர், வெயிலில் வரும் வழிப்போக்கர், மாலையில் பேப்பர் படிக்கிறவர்கள் என்றேன். "எல்லாருமா?" இங்கே நான் ஒரு நிமிடம் யோசித்தேன். சரி, பொய் சொல்லக் கூடாது. எல்லாரும் இல்லை. எங்கள் நிலத்தில் நடவு நட்டவர்களும் அறுப்பு அறுத்தவர்களும் தெருவில் நின்றுதான் கூலி வாங்குவார்கள், திண்ணையில் ஏற மாட்டார்கள், ஏறவும் விடமாட்டார்கள் என்றேன். "ஏன்?" என்றான். சாதி என்றேன். "அது தப்பு தாத்தா." "தப்புதான். அப்பவே தெரிஞ்சும் சும்மா இருந்தோம்." மகனும் மருமகளும் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது மகனுக்கே இதை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

இதற்காகத்தான் இந்தக் கட்டுரை எழுதுகிறேன். வீடு எந்த ஊரிலிருந்து வந்தது, தூண் என்ன மரம் என்பதை அங்கே வழிகாட்டி சொல்லிவிடுவார். அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்பதை வாழ்ந்தவர்கள் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உறைக்கும். நல்லதை மட்டும் சொல்லி "அந்தக் காலம் பொற்காலம்" என்று முடித்தால் அது பாடமும் இல்லை, நியாயமும் இல்லை. நம் வயதுக்காரர்கள் இன்னும் எத்தனை வருடம் இருப்போம்? சொல்ல வேண்டியதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். வீட்டுக் கூடத்தில் டிவிக்கு எதிரே உட்கார்ந்து சொன்னால் யாரும் கேட்பதில்லை.

மறுநாள் பூங்கா. நானும் போனேன். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக் கத்திய சந்தோஷத்துக்கு எந்த அருங்காட்சியகமும் ஈடில்லை. வருடம் முழுவதும் தேர்வு, டியூஷன் என்று வதங்குகிற பிள்ளைகளுக்கு அது வேண்டும். "விடுமுறையிலாவது சும்மா விடுங்கள்" என்று சொல்கிறவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கி வந்த பேரன், "தாத்தா, மேல ஏறும்போது டக் டக்னு சத்தம் வருதே, ஏன்?" என்று கேட்டான். அவனே கேட்டான், நான் கேட்கவில்லை! மின்துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவனிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? பெட்டியைச் சங்கிலி மேலே இழுக்கிறது, நடுவில் சங்கிலி அறுந்தாலும் பின்னால் சரியாதபடி ஒரு கொக்கி பல் பல்லாக மாட்டிக்கொண்டே போகிறது, அந்தச் சத்தம்தான் என்றேன். உச்சிக்குப் போன பிறகு மோட்டாருக்கு வேலை இல்லை. நம் ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுவதோடு சரி, குழாயில் அது தானாக இறங்கி வருகிறது. அதனால்தான் முதல் மேடு உயரம், அடுத்தடுத்த மேடுகள் குட்டை. உராய்வில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைகிறதல்லவா? பேரன் மறுபடி போய் மேடுகளைப் பார்த்துவிட்டு வந்து "கரெக்ட் தாத்தா" என்றான். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களே பள்ளி மாணவர்களைக் கூட்டிவந்து ராட்டினங்களைக் காட்டி இயற்பியல் சொல்லித் தருகிறார்கள். நமக்கு வகுப்பு வேண்டாம். கேட்டால் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆகவே என் கருத்து இதுதான். பூங்காவுக்குப் போகிற பயணத்தில் ஒரு காலைப் பொழுதைக் கற்றுக்கொள்ள ஒதுக்குங்கள். அது பூங்காவுக்கு முன்னால் இருக்கட்டும். ராட்டினம் சுற்றிக் களைத்த பிறகு பிள்ளைகளுக்கு எந்த இடமும் சப்பென்றுதான் இருக்கும். பார்க்கிற இடத்தைவிடக் கையால் எதையாவது செய்கிற இடமாகப் பாருங்கள். பரீட்சை வைக்காதீர்கள், புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லிப் படுத்தாதீர்கள். தட்சிணசித்ராதான் என்பதில்லை. அதே சாலையில் வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அதோடு சேர்ந்து வளர்ந்ததுதான் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்து செய்யக் கொடுக்கிறார்கள். நம் வயலில் யாரையாவது பாம்பு தீண்டினால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஊசி மருந்துக்குப் பின்னால் இவர்கள் உழைப்பு இருக்கிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை உண்டா?

காசு செலவழித்து முட்டுக்காடு போகத்தான் வேண்டுமா என்றும் கேட்கலாம். ஊருக்குத் திரும்பியதும் பேத்தி, "இங்க பானை செய்றவங்க இருக்காங்களா தாத்தா?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சைக்கிளில் போகிற தூரம். அறுபது வருடத்துக்கு மேல் இங்கேயே வாழ்கிறேன், பொங்கலுக்குப் பானை வாங்கியதோடு சரி, ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. மறுநாளே கூட்டிப் போனேன்.

நம் சங்கராபரணி ஆறே ஒரு பள்ளிக்கூடம். மேலே திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நடுவில் நம் வில்லியனூர் மண். கீழே கடலைத் தொடும் இடத்தில் அரிக்கமேடு. அங்கே 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் கப்பலில் வந்த மண்பாண்டம். ஒரே ஆற்றின் கரையில் மூன்றும் இருக்க, பிள்ளைகளுக்குப் போர் அடிக்கிறது என்றால் குற்றம் பிள்ளைகளுடையது அல்ல.

பெங்களூர் போன பிறகு மருமகள் போனில் சொன்னாள், அந்தக் கோணல் விளக்கு பேத்தியின் படிப்பு மேசையில் இருக்கிறதாம், யாரும் தொடக் கூடாதாம். பேரன் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டான்: "தாத்தா, அடுத்த லீவுக்கு வரும்போது வாசல்ல ஒரு சின்னத் திண்ணை கட்டலாமா?"

கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கட்டி முடித்ததும் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.