இலை உதிர்ந்தால் வடிகாலைப் பாருங்கள்

பாகூர், வில்லியனூர் பகுதிகளில் கார்த்திகை மழைக்குப் பின் கத்தரி, மிளகாய்ச் செடிகளின் இலைக்காம்புகள் கீழே வளைந்து, இலைகள் பழுத்து உதிர்வதுண்டு. உரம் போதவில்லை என்று உடனே யூரியா போடாதீர்கள். நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும்போது செடியில் எத்திலீன் பெருகுகிறது. காம்பின் மேற்புறம் வேகமாக வளர்வதால் இலை தொங்குகிறது. இலையில் சுரக்கும் ஆக்சின் குறைந்ததும், காம்பின் அடித்திசு தளர்ந்து இலை விழுகிறது.

எனவே முதல் மருந்து வடிகால்தான். பூ உதிர்வைத் தடுக்கும் ஊக்கித் தெளிப்பும் தண்ணீர் வடிந்து செடி தெளிந்த பிறகே. மிளகாய்க்கு நட்ட 60, 90ஆம் நாட்களில் 4.5 சதவீத என்.ஏ.ஏ. மருந்தை 4.5 லிட்டர் நீருக்கு 1 மி.லி. வீதம் கலந்து தெளிக்கலாம். இதுவும் ஆக்சின் வகையே. அளவு மிஞ்சினால் எத்திலீனைத் தூண்டி உதிர்வைக் கூட்டிவிடும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளந்து ஊற்றுங்கள்.