கியர்பாக்ஸுக்கு ஏதுங்க கற்பு?

டிஸ்கி: வண்டி வாகனத்துல ஆர்வம் இல்லாதவங்க மூணாவது பத்தியில இருந்து தூங்கிக்கலாம். கோவிச்சுக்க மாட்டேன்.

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. இப்பவும் வந்திருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய மனுசன் கிளப்பி விட்டுட்டார். பழைய வண்டிக மேல உசுரையே வச்சிருக்கறவர். எங்க வண்டியைச் சுத்தி வந்தார், தட்டிக் கொடுத்தார், போட்டோ எடுத்தார். அப்புறம் குனிஞ்சு அடியில பார்த்தவர் நிமிர்ந்து சொன்னது ஒரே வரி: "அஞ்சு கியரா? கொலை பண்ணிட்டீங்களே தம்பி!" அப்பா பக்கத்துலயே நின்னுட்டிருந்தார். அங்க வாயை மூடிட்டு வந்துட்டேன். இங்க மூட முடியாது.

வண்டி மஹிந்திரா எஃப்.சி. 150. மஹிந்திரா 1965ல லோடு வண்டி வியாபாரத்துல இறங்கினது இந்தப் பெட்ரோல் வண்டியோடதான். எங்களுது 1969 மாடல், என்ற அப்பாரு வாங்கினது. ஜீப்போட சேஸிஸ், இன்ஜின், மூணு கியர் பாக்ஸ் எல்லாத்தையும் எடுத்து, மூக்கை மட்டும் அறுத்து விட்ட மாதிரி இருக்கும். மூக்கு இல்லாததால இன்ஜின் உள்ள, டிரைவருக்கும் பக்கத்துல உக்கார்றவருக்கும் நடுவுல, ஒரு பொட்டிக்குள்ள உக்காந்திருக்கும். ஆனைமலைப் பக்கத்துல இருந்து பொள்ளாச்சிக்கு அது சுமந்த தேங்காய்க்குக் கணக்கே கிடையாது.

இப்ப கொஞ்சம் கணக்கு. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உபயோகப்படட்டும். மூணாவது கியர் நேரடி கியர், ஒண்ணுக்கு ஒண்ணு. பின் ஆக்ஸில் விகிதம் 5.38. டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.25 மீட்டர் ஓடுது. அப்படின்னா 60 கிலோமீட்டர் வேகத்துலயே இன்ஜின் நிமிசத்துக்குச் சுமார் 2,400 சுத்து சுத்தும். 80ல 3,200. இந்த 2.2 லிட்டர் இன்ஜின் முழு பவரையும் கொடுக்கறதே 4,000 சுத்துலதான். அதாவது 80ல போனா அது அலறிட்டே வரும், அந்த அலறல் உங்க இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி நடக்கும். வயக்காட்டுக்கும் மலைக்கும் செஞ்ச வண்டிங்க அது. கோவை பொள்ளாச்சி ரோடு நாலு வழியாகும்னு அன்னைக்கு யார் கண்டா?

இன்னொண்ணு, முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு நடுவுல வண்டி திணறி, ரெண்டாவதுல இருந்து முதல் கியருக்கு இறக்கணும்னா டபுள் கிளட்ச் அடிச்சே ஆகணும். தப்பினா 'கர்ர்ர்' தான். அப்பாரு அதை மூச்சு விடற மாதிரி செய்வார். அப்பாவுக்கு 63 வயசு, முட்டி போயிருச்சு. பைபாஸ்ல 50ல போனா பின்னாடி டாரஸ்காரன் ஹாரன்லயே தள்ளிட்டுப் போயிருவான். நாலு வருசம் வண்டி சாளையில நின்னுச்சு. கோழி முட்டை வச்சுது. ஒரு நாள் அப்பா சொன்னார், "இரும்புக்குப் போட்றலாம் கண்ணு." வெல பேசவும் ஆள் வந்தாச்சு.

கொலைன்னு சொன்ன பெரிய மனுசருக்கு என் முதல் கேள்வி இதுதான்: அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?

செஞ்சது என்னன்னா, மஹிந்திராவோட பிந்தின வண்டிகள்ல வந்த ஒரு அஞ்சு கியர் பாக்ஸ், பழசு, கிடைச்சுது. கணபதியில ஒரு லேத்து பட்டறையில அடாப்டர் பிளேட் கடைஞ்சோம். புது பாக்ஸ் நீளம், அதனால பின்னாடி ஜாயிண்ட் ஷாஃப்டை வெட்டி, வெல்டு வச்சு, பேலன்ஸ் பண்ணினோம். இதுல அலட்சியம் பண்ணினா 50ல வண்டி நடுங்கும். கியர் ராடு இணைப்புக்குத்தான் தாவு தீர்ந்துச்சு, ஏன்னா டிரைவர் முன்னாடி உக்கார, பாக்ஸ் அவருக்குப் பின்னாடி கிடக்கு. மொத்தம் 85,000 ரூபாய் சொச்சம். அஞ்சாவது கியர் ஓவர்டிரைவ். 0.8னு வச்சுக்கிட்டா, 80ல 3,200 சுத்தினது 2,550க்கு இறங்குது. 60ல 1,900 சொச்சம். பக்கத்துல உக்கார்றவர் பேசறது இப்பத்தான் காதுல விழுது.

இனி 'ஒரிஜினாலிட்டி' அன்பர்களுக்கு.

சட்டத்துல இருந்தே ஆரம்பிப்போம். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவாகி 50 வருசம் தாண்டியிருக்கணும். ஒரிஜினல் ரூபத்துல இருக்கணும். என்ன மாத்தக் கூடாதுன்னு அது பேர் சொல்லிக் குறிப்பிடறது மூணு: சேஸிஸ், பாடி, இன்ஜின். கியர்பாக்ஸ் அந்தப் பட்டியல்ல இல்லைங்க. அந்தத் தனி நம்பர் வாங்கினா வண்டியைத் தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ராலின்னு போயிட்டு வரலாம். எங்க தேங்கா வண்டியை அந்தக் கணக்குல சேர்க்க எனக்கு ஆசையே இல்லை. ஆர்.சி. விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்கறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கறாரா சொல்லிருச்சு. அதனாலதான் இன்ஜினையும் பாடியையும் தொடலை. நீங்க செய்யறதா இருந்தா முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

அடுத்து, "வெளிநாட்டுல இப்படிச் செய்ய மாட்டாங்க"ங்கறது. ஹிஹி. இதே குடும்பத்து ஜீப்புகளோட டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி மாட்டறதுக்குன்னே அமெரிக்காவுல வார்ன் கம்பெனி ஓவர்டிரைவ் வித்துச்சு. இன்ஜின் சுத்து 25 சதவீதம் குறையும். அந்தக் காலத்து ஜீப்காரனுக்கே காது வலிச்சிருக்கு, நமக்கு வலிக்கக் கூடாதா?

அட, கோயமுத்தூர்ல நின்னுட்டு இதைச் சொல்றதுதான் எனக்குத் தாங்கலை. ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்காரர் வச்சிருந்த ருட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, நட்டு நட்டாக் கழட்டிப் பார்த்த ஜி.டி. நாயுடு ஊருங்க இது. 1920ல பொள்ளாச்சி பழனி ரூட்ல பஸ் விட்டவர். 2025 அக்டோபர்ல திறந்த அவினாசி ரோடு மேம்பாலத்துக்கு அவர் பேரு. பேரை வச்சுட்டு, ஸ்பேனர் எடுத்தவனைக் கொலைகாரன்னு சொன்னா எப்படி?

நியாயமான எதிர்ப்பும் ரெண்டு இருக்கு, ஒத்துக்கறேன். ஒண்ணு, யார் கையும் படாத வண்டி, நாட்டுலயே நாலஞ்சுதான் மிச்சம்ங்கற வண்டி, இதையெல்லாம் தொடாதீங்க. அதுக்கு மியூசியம் இருக்கு. ரெண்டு, பிரேக். எங்க மெக்கானிக் அண்ணன் மொத நாளே சொல்லிட்டார்: "பொட்டிய மாத்துனா மட்டும் பத்தாதுங் தம்பி, நிக்கோணுமல்லங்?" நாலு பக்கமும் டிரம், ஒரே சர்க்யூட். வீல் சிலிண்டர், லைனிங், ஹோஸ் எல்லாம் புதுசு போட்ட பிறகுதான் அஞ்சாவது கியரைத் தொட்டோம். இப்பவும் 65க்கு மேல போறதில்லை. வேகத்துக்காக மாத்தலைங்க. அதே வேகத்துல நிம்மதியாப் போறதுக்கு.

கடைசியா ஒரு விசயம். அந்தப் பழைய மூணு கியர் பாக்ஸை நாங்க தூக்கிப் போடலை. ஆயில் ஊத்தி, சாக்குல சுத்தி, சாளையில பலகை மேல வச்சிருக்கு. சேஸிஸ்ல ஒரு புது ஓட்டை போடலை, பழைய போல்ட் துவாரத்துலயே பிராக்கெட் மாட்டியிருக்கு. நாளைக்கே என் மகனோ மகளோ "ஒரிஜினலா வேணும்"னு கேட்டா ரெண்டு நாள் வேலை. (முதல்ல கல்யாணம் ஆகட்டும், அது வேற பதிவு.) இரும்புக் கடையில போட்டதைத் திருப்பி மாட்ட முடியுமாங்க?

நேத்து அப்பாவே ஓட்டிட்டு பொள்ளாச்சி சந்தைக்குப் போயிட்டு வந்தார். என்னைக் கூப்பிடலை.

கும்முறவங்க பின்னூட்டத்துல வரிசையா வந்து கும்முங்க.